மாலரின் இரண்டாம் சிம்பொனி: ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் இரண்டாம் சிம்பொனியை, அதாவது பெரிய இசைக்குழுவுக்காக அவர் எழுதிய பல பகுதி இசையை, ஃபோனில் தேடிப் பாருங்கள். வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரே இசை, நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள். எதைக் கேட்பது, எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் ஒரு பயனும் இல்லை. ஐந்து பதிவுகளை எடுத்து, ஐந்து இடங்களில் அருகருகே வைத்துக் கேளுங்கள். எது உங்களுக்கானது என்று உங்கள் காதே சொல்லிவிடும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்த இசைக்கு நூறுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஒரு பெரிய கோரஸ், இரண்டு பாடகிகள், ஓர் ஓர்கன், மேடைக்கு வெளியே நின்று வாசிக்கத் தனியாக ஒரு குழு எல்லாம் வேண்டும். மட்டக்களப்பில் இருக்கும் எங்களுக்கு இதை நேரில் கேட்க வழியில்லை. ஒலிப்பதிவுதான் எங்களுக்கு மண்டபம். ஆனால் ஒப்பிட்டுக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. ஒரே கூத்தை இரண்டு ஊர் அண்ணாவிமார் பழக்கி ஏற்றினால், களரியைச் சுற்றி விடிய விடிய இருந்தவர்கள் மறுநாள் எதைப் பேசுவார்கள்? யாருடைய வரவு கம்பீரம், மத்தளம் எங்கே இறுகியது, எந்தப் பாட்டை இழுத்துவிட்டார்கள் என்பதைத்தான். அந்தக் காது போதும்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒப்பிடும் முன்னர் இசையின் போக்கு தெரிய வேண்டும். மாலர் இதை 1888 முதல் 1894 வரை எழுதினார். முழுமையாக அரங்கேறியது 1895 டிசம்பர் 13 அன்று, பேர்லினில். நடத்தியவரும் அவரே. ஐந்து பகுதிகள், இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துனரைப் பொறுத்து எழுபதுகளில் தொடங்கித் தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டியும் போகும்.

முதற்பகுதி ஒரு மரணச் சடங்கு. இரண்டாம் பகுதி பழைய நாட்டார் நடனம் போல மென்மையானது. மூன்றாம் பகுதியின் இசை மாலரின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. பதுவை அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்வார். மீன்கள் அழகாகக் கேட்டுவிட்டு, ஒன்றும் மாறாமல் தங்கள் பாட்டுக்கு நீந்திப் போய்விடும். மீன் பாடும் தேன்நாடு என்று பெயர் பெற்ற மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தனிச் சந்தோஷம்.

நான்காம் பகுதியில் ஒரு பெண்ணின் தாழ்ந்த குரல், தான் கடவுளிடமிருந்து வந்ததாகவும் மீண்டும் கடவுளிடமே போக விரும்புவதாகவும் பாடுகிறது. ஐந்தாம் பகுதி மட்டுமே அரை மணி நேரத்துக்கும் மேல். உலகத்தின் இறுதி நாள், கல்லறைகள் திறந்து ஊர்வலம், தூரத்து அழைப்பு, பிறகு கோரஸ், உயிர்த்தெழுதல். 1894இல் ஹம்பேர்க்கில் நடந்த நடத்துனர் ஹான்ஸ் ஃபொன் பியூலோவின் இறுதிச் சடங்கில் ஜெர்மன் கவிஞர் கிளோப்ஸ்டொக்கின் உயிர்த்தெழுதல் கீதத்தைக் கோரஸ் பாடக் கேட்டபோதுதான், முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று மாலருக்குத் தெரிந்தது. அந்தக் கவிதையில் கொஞ்சத்தை எடுத்து மிச்ச வரிகளைத் தானே எழுதிச் சேர்த்தார்.

வரிகளின் பொருளை எங்காவது வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாமல் பாடகிகளை ஒப்பிட்டால் குரலின் இனிமையை மட்டும்தான் ஒப்பிடுவீர்கள்.

எந்தப் பதிவுகளை எடுப்பது?

ஐந்து போதும். கூடினால் குழப்பம். என் தெரிவு இது: முதலில் நடத்துனர், பிறகு இசைக்குழு, பதிந்த ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

புரூனோ வால்டர், நியூயோர்க் பில்ஹார்மோனிக், 1957-58. வால்டர் ஹம்பேர்க்கிலும் வியன்னாவிலும் மாலருக்குக் கீழே வேலை செய்தவர். ஆரம்ப கால ஸ்டீரியோ. இளஞ்சூடான, மனிதத்தன்மை நிறைந்த வாசிப்பு.

ஒட்டோ கிளெம்பரர், பில்ஹார்மோனியா, 1961-62. இவரும் மாலரை நேரில் அறிந்தவர். 1905இல் பேர்லினில் ஒஸ்கார் ஃபிரீட் இந்தச் சிம்பொனியை நடத்தியபோது, மேடைக்கு வெளியே இருந்த குழுவை நடத்தியது இளம் கிளெம்பரர்தான்; மாலர் அங்கே இருந்தார். வால்டருக்கும் இவருக்கும் ஒரே ஆசான், ஆனால் வாசிப்பில் எவ்வளவு தூரம்! கிளெம்பரர் கண்ணீருக்கு இடம் கொடுப்பதில்லை. நடை நேர், கட்டுமானம் கல் போல நிற்கும்.

சுபின் மேத்தா, வியன்னா பில்ஹார்மோனிக், 1975. மும்பையில் பிறந்து வியன்னாவில் படித்தவர். சோஃபியென்சால் என்ற பழைய மண்டபத்தில் பதிந்தது. தாழ்குரலில் கிறிஸ்டா லுட்விக். பித்தளை வாத்தியங்கள் எரியும்.

லெனார்ட் பெர்ன்ஸ்டைன், நியூயோர்க் பில்ஹார்மோனிக், 1987. நேரடிக் கச்சேரிகளிலிருந்து எடுத்தது. தொண்ணூறு நிமிடத்தையும் தாண்டிப் போகும். இங்கும் லுட்விக்தான். ஒரே பாடகி, பன்னிரண்டு வருட இடைவெளி, இரண்டு நடத்துனர்கள். ஒப்பிட இதைவிட வசதி வேறு கிடைக்காது.

கிளாடியோ அப்பாடோ, லூசேர்ன் விழா இசைக்குழு, 2003. கடுமையான வயிற்றுப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தபின், தானே கூட்டிச் சேர்த்த இசைக்குழுவோடு வாசித்தது. இதற்கு வீடியோவும் உண்டு. யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால், மற்ற பதிவுகளில் காது தானாகத் தேடும்.

ஃபிரீட் 1920களில் செய்த முதல் முழு ஒலிப்பதிவையும் ஒரு தடவை கேளுங்கள். மைக் இல்லாத காலம். வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய குழாயின் வாய்க்கு முன் நெருக்கியடித்து வாசிக்க, தட்டின் ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலித்தரத்துக்காக அதைக் கேட்க வேண்டாம். ஆனால் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் அந்தக் காலத்துப் பழக்கம் அதில் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பகுதியை அதில் கேட்டுவிட்டு அப்பாடோவுக்கு வந்தால், ஏறக்குறைய எண்பது ஆண்டுகளில் வாசிப்புமுறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது விளங்கும்.

வீட்டையும் ஃபோனையும் தயார் செய்தல்

இதைப் பலர் அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பாதி ஒப்பீடு கெட்டுப்போவது இங்கேதான்.

ஃபோனின் ஸ்பீக்கரில் இந்தச் சிம்பொனி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோரஸில் ஆண்களின் அடிக்குரல் இறங்கும் ஆழமும், முடிவில் ஓர்கன் தரும் அடிநாதமும் அதில் வரவே வராது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து பதிவுகளையும் அதே ஹெட்போனில்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது செயலியின் அமைப்புகள். சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி என்று ஒன்று இருக்கும். அது பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தும் நிலையில் இருந்தால், நான்காம் பகுதியின் மெல்லிய குரலைத் தூக்கி ஐந்தாம் பகுதியின் இடிமுழக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடும். மாலர் எழுதிய ஏற்ற இறக்கமே காணாமல் போகும். அதை நிறுத்துங்கள், அல்லது முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு என்ற நிலைக்கு மாற்றுங்கள். ஒரு பாட்டு மறைய இன்னொன்று கலந்து வரும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் பகுதிகள் இடைவெளி விடாமல் தொடர வேண்டும் என்பது மாலரின் கட்டளை. அதோடு ஐந்தாம் பகுதியைப் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு விக்கல் வந்தால் எல்லாம் போச்சு. டேட்டாவை நம்பாமல் முதலே தரவிறக்கி வைப்பது நல்லது.

சத்த அளவைக் கையாலே சமப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால், அதுதான் நல்லது என்று காது உடனே ஏமாந்துவிடும். முதற்பகுதியின் ஆரம்பத்தை ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி வைத்து, அந்த அளவைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது; ஃபேன் ஓடினால் இந்த இசையின் மிக மெல்லிய இடங்கள் அடிபட்டுப் போகும். மாரியில் கூரைத் தகரத்தின் மேல் விழும் மழையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் விடிய நாலு மணி. காகம் எழும்ப முன்னர் முதற்பகுதி முடிந்துவிடும்.

முதல் தடவை ஒப்பிட வேண்டாம்

ஒரே ஒரு பதிவைத் தெரிந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இருப்பில் கேளுங்கள். என்னைக் கேட்டால் வால்டரில் தொடங்கச் சொல்வேன். அளவான நடை, எதையும் திணிக்க மாட்டார். முதற்பகுதி முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விட வேண்டும் என்று மாலர் எழுதியிருக்கிறார். வீட்டில் அதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். எழும்பி நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஃபோனில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அந்த மரணச் சடங்குக்குப் பிறகு இரண்டாம் பகுதியின் நடனம் உடனே வந்தால் ஒட்டாது. மாலருக்கு அது தெரிந்திருந்தது.

இப்படி இரண்டு மூன்று தடவை கேட்டு, அடுத்து என்ன வரும் என்று மனம் முன்னாலேயே எதிர்பார்க்கத் தொடங்கியபின் ஒப்பீட்டுக்கு வாருங்கள்.

காது வைக்க வேண்டிய ஐந்து இடங்கள்

முழுச் சிம்பொனியையும் ஐந்து தடவை ஓடவிட்டு ஒப்பிட முடியாது. நாலாவது பதிவுக்கு வரும்போது முதலாவது மறந்துவிடும். அதனால் சிறு இடங்களை எடுத்து, ஒரே இடத்தை ஐந்து பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஒன்று, தொடக்கம். வயலின்களும் வியோலாக்களும் ஒரே சுரத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, அடியிலிருந்து செலோக்களும் டபுள்பேஸ்களும் சீறி எழும். இந்தச் சீறலை வேகமாகவும், நடுவிலுள்ள மௌனங்களைச் சாதாரண நடையிலும் வாசிக்க வேண்டும் என்பது மாலரின் குறிப்பு. அந்த மௌனத்தைக் கவனியுங்கள். கிளெம்பரர் கணக்குத் தவறாமல் தாண்டிப் போகிறார்; பெர்ன்ஸ்டைன் ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்து நிற்கிறார். முதற்பகுதி கிளெம்பரருக்கு பத்தொன்பது நிமிடம் அளவு, பெர்ன்ஸ்டைனுக்கு இருபத்தைந்து அளவு. அந்த ஆறு நிமிட வித்தியாசத்தின் விதை இந்த முதல் நிமிடத்திலேயே கிடக்கிறது.

இரண்டு, இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டும் இடம். சின்ன இடம்தான். மீட்டல் நடனமாடுகிறதா, வெறுமனே ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்று, நான்காம் பகுதியின் முதல் வரி. மூன்றாம் பகுதியின் சுழற்சி அடங்கியதும் அந்தப் பெண் குரல் எந்த அறிவிப்பும் இல்லாமல் வருகிறது. அதன்பின் பித்தளை வாத்தியங்கள் தேவாலயக் கீதம் போல மிக மெல்ல வாசிக்கும். இங்கே லுட்விக்கை மேத்தாவோடும் பெர்ன்ஸ்டைனோடும் மாறி மாறிக் கேளுங்கள். கிளெம்பரர் நாலு நிமிடச் சொச்சத்தில் முடிக்கும் இந்தப் பாட்டை பெர்ன்ஸ்டைன் ஆறு நிமிடத்துக்கும் மேல் எடுக்கிறார். அவ்வளவு மெதுவாகப் போனால் பாடகிக்கு மூச்சு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். வரி உடைகிறதா, உடைந்தாலும் பொருள் உடையாமல் நிற்கிறதா? மெதுவாக வாசித்தால் ஆழம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் இந்த இடத்தில் பெர்ன்ஸ்டைனின் மெதுவை நான் நம்புகிறேன். அங்கே ஒரு வயதான மனுசி நிதானமாகத் தன் உரிமையைக் கேட்கிறாள்.

நான்கு, ஐந்தாம் பகுதியில் தாள வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றுமில்லாததிலிருந்து உருண்டு பெருகி வெடிக்கும் இடம். இரண்டு தடவை வரும். எவ்வளவு சத்தமாக முடிகிறது என்பதை விட்டுவிடுங்கள். எங்கே தொடங்கியது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? சொல்ல முடியாதபடி தொடங்கியிருந்தால் அந்தப் பதிவு நல்ல பதிவு. பழைய பதிவுகளில் பதிவு நாடாவின் இரைச்சல் இதைக் கொஞ்சம் மறைக்கும். அதை நடத்துனரின் குறையாக எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது

என் கணிப்பில் ஒரு பதிவின் தராதரம் ஐந்தாம் பகுதியின் நடுப்பாகத்தில்தான் தெரிகிறது. முடிவு எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். அத்தனை பேர் சேர்ந்து ஓர்கனோடும் மணிகளோடும் முழங்கினால் யாருக்குத்தான் சிலிர்க்காது? மெல்லிய இடங்களில்தான் ஒருவர் அகப்படுவார்.

முதலில், மேடைக்கு வெளியே நிற்கும் குழு. உள்ளே இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்க, வெளியே டிரம்பெட்டும் தாளமும் வேறு ஒரு இசையை வாசிக்கும். காற்று அள்ளிக்கொண்டு வரும் துண்டு துண்டான ஒலிகள் போல அது கேட்க வேண்டும் என்று மாலர் எழுதியிருக்கிறார். கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாவிக்கு அக்கரையில் கோயில் திருவிழா நடக்கும் இரவில் ஒலிபெருக்கிப் பாட்டு ஒரு வரி தெளிவாக வந்து, அடுத்த வரி காற்றோடு போய்விடும் அல்லவா, அதுதான். சில பதிவுகளில் அந்தக் குழு பக்கத்து அறையில் நிற்பது போல இருக்கும். தூரம் இல்லையென்றால் பயமும் இல்லை.

பிறகு, பெரிய அழைப்பு. எல்லாம் அடங்கியபின் வெளியே இருந்து ஹோர்ன்களும் டிரம்பெட்டுகளும் ஒன்றையொன்று கூப்பிடும். உள்ளே புல்லாங்குழலும் அதன் சிறிய வடிவமான பிக்கலோவும் தனித்த ஒரு பறவையாகப் பதில் சொல்லும். இங்கே ஹெட்போனில் இடம், வலம், தூரம், அருகு எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு அழைப்பும் ஒரே இடத்திலிருந்தா, வெவ்வேறு திசைகளிலிருந்தா? மாலர் கேட்டது வெவ்வேறு திசைகளை.

அதற்குப் பிறகு, கோரஸ். நூறுக்கு மேற்பட்டவர்கள், வாத்தியத் துணை இல்லாமல், கேட்கவும் கேட்காமலும் இருக்கும் அளவில் ‘உயிர்த்தெழுவாய்’ என்று தொடங்குகிறார்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதல் எழுத்து எல்லோருக்கும் ஒன்றாக வருகிறதா, அல்லது ஒரு சிலர் முந்துகிறார்களா? அதன் மூலமான ஜெர்மன் சொல்லின் (Aufersteh'n) நடுவே வரும் மெய்யெழுத்துகள் கூட்டமாகச் சீறுகின்றனவா? சோப்ரானோ (உயர்குரல்) பாடகியின் குரல் கோரஸுக்குள் இருந்தே கிளம்புகிறதா, அல்லது யாரோ மைக்கைத் திறந்தது போல மேலே வந்து குந்துகிறதா? அப்பாடோவின் பதிவில் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக் கோரஸ் ஒன்று பாடுகிறது. அந்தத் தொடக்கத்தை நான் கேட்டவற்றுள் முதலில் வைப்பேன். கிளெம்பரரிடம் அது ஒரு சபையின் நேர்மையான பாடல். அழகைவிட உறுதி அதிகம்.

கொப்பியில் என்ன எழுதுவது?

‘அருமை’, ‘உருக்கம்’ என்று எழுதினால் ஒரு கிழமைக்குப் பிறகு உங்களுக்கே ஒன்றும் விளங்காது. நடந்ததை எழுதுங்கள்: ‘டிரம்பெட் இடப்பக்கம், மிகத் தூரம்.’ ‘இரண்டாவது வரிக்கு முன் மூச்சு.’ ‘கோரஸ் தொடங்கும்போது யாரோ இருமினார்.’ ஒரு இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து பதிவுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் பின்னர் வாசிக்க லேசு. ஒரு இருப்பில் ஒரு இடம் மட்டும். காது களைத்தபின் எழுதும் குறிப்பில் நியாயம் இருக்காது.

மேற்கத்தேய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மாலர் 1911இல் இறந்துவிட்டதால் இந்த இசைக்குறிப்பு நூலின், அதாவது ஸ்கோரின், பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் கட்டளை எழுதுபவர்; யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று கையோடு பார்த்துவிடலாம். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிற நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாலும் போதும்.

நாலு பேரோடு சேர்ந்து கேட்பது

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் எங்கள் வீட்டில் சிலர் கூடுவோம். பெயர் சொல்லாமல் மூன்று பதிவுகளின் ஒரே இடத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொருவரும் எழுதி முடித்த பிறகே பேச்சு. கட்டாயம் இந்த ஒழுங்கு வேண்டும். பெரிய பெயரைக் கேட்டதும் காது பணிந்துவிடும். ஒருமுறை கோரஸ் தொடக்கத்தைப் போட்டபோது, இந்த இசையே தெரியாத ஒரு தங்கச்சி சொன்னார்: “அண்ணன், ரெண்டாவதுலதான் எனக்கு அந்தரமா இருந்திச்சு. மற்ற ரெண்டிலயும் ஆக்கள் பாடுறாங்க. இதில யாரோ எழும்புறாங்க.” அந்த இரண்டாவது அப்பாடோ. ஸ்கோர் படித்தவர்கள் எவரும் அன்று அதைவிடச் சரியாக ஒன்றும் சொல்லவில்லை.

விமர்சனங்களை வாசிப்பது எல்லாம் முடிந்த பிறகு. உங்கள் கொப்பி நிரம்பியபின் வாசித்தால் அது உரையாடல். முன்னரே வாசித்துவிட்டால் அவர்கள் சொன்னதைத்தான் கேட்பீர்கள்.

அடுத்த சுற்று

ஐந்து இடங்களும் கைக்கு வந்ததும் ஒரே நடத்துனரை வெவ்வேறு வயதில் எடுங்கள். பெர்ன்ஸ்டைன் இதற்குப் பொருத்தமானவர். 1963, 1973, 1987 என்று மூன்று பதிவுகள். 1963 நவம்பர் 24 அன்று, கென்னடி கொல்லப்பட்டு இரண்டே நாளில், அவர் இந்தச் சிம்பொனியைத்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோடு நடத்தினார். துக்கத்துக்கு வழக்கமாக வாசிப்பதை விட்டு உயிர்த்தெழுதலை எடுத்தார். அந்த வருடத்து ஸ்டூடியோப் பதிவை முதலில் கேளுங்கள். பிறகு இங்கிலாந்தின் ஈலி பேராலயத்தில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பதிந்த 1973. கல்லும் உயரமும் எதிரொலியைச் சேர்ப்பதால் வெளியே நிற்கும் வாத்தியங்களுக்கு அங்கே உண்மையான தூரம் கிடைக்கிறது. ஆனால் முதற்பகுதியின் சீறல் கொஞ்சம் கரைந்துபோகிறது. கடைசியாக 1987. நான்காம் பகுதியின் முதல் வரியை மூன்றிலும் அடுத்தடுத்துப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி எடுக்கிறது என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.